எரியாத நாளுக்கும் காசு

மின்துறை பில் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் என் வீட்டு பில்லைக் கட்ட வந்து உங்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். நின்றேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. முன்னால் போய் எட்டிப் பார்ப்பேன், பின்னால் வருவேன், பக்கத்தில் நிற்பவரின் பில்லை அவரைக் கேட்காமலே படிப்பேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கவுண்ட்டரில் கேட்டார்: "மூணு மாசமா வூடு பூட்டிக் கெடந்துச்சு. ஒரு லைட்டு போடல. இது இன்னாத்துக்குக் காசு?" உள்ளே இருந்த தம்பி தலையை நிமிர்த்தாமல், "அது நிலைக் கட்டணம். கட்டித்தான் ஆகணும்" என்றார். பெரியவர் கட்டிவிட்டுப் போனார். அவருக்குப் புரிந்ததா என்று தம்பி பார்க்கவில்லை. பின்னால் நின்ற நாங்களும் எப்போது நகர்வார் என்றுதான் பார்த்தோம்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் விளக்கம் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் விளக்கம் சொன்னவன். அழகாகச் சொன்னவன். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கதை படிக்க நேரமில்லை என்று நினைப்பவர்கள் இங்கேயே மடித்து வைத்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிரெஞ்சுக்காரர் காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பட்டணத்தில் மட்டும் எரிந்துகொண்டிருந்த மின்விளக்கு அப்போதுதான் வில்லியனூருக்கும் பாகூருக்கும் கம்பம் கம்பமாகப் போய்க்கொண்டிருந்தது. மின்சாரக் கம்பெனியில் என் வேலை இன்னது என்று பிரிக்க முடியாது. வீடு வீடாகப் போய் இணைப்புக்கு ஆள் பிடிப்பேன், மனு எழுதிக் கையெழுத்து வாங்குவேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்ப்பேன், பில்லைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லாம் ஒரே சைக்கிளில். புது ஆள் ஆதலால் வேலை நிரந்தரமாகவில்லை.

எரித்த அளவுக்குக் காசு என்றால் ஜனங்களுக்கு உடனே புரிந்தது. எண்ணெய் வாங்குகிற மாதிரிதானே. சிக்கல் எல்லாம் இன்னொரு வரியில் இருந்தது. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு ஆறு காசு. ஊரில் அதை நாள்காசு என்றார்கள். அன்றைக்கு நம் பக்கத்தில் இருபத்து நான்கு காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய். ஆறு காசு பெரிய தொகை இல்லை. ஆனாலும் அந்த வரியை வாசித்ததும் எழுதிய மனுவைக் கிழிக்கச் சொன்னவர்கள் உண்டு. எத்தனை மனு என்று ஆபீசில் மாதாமாதம் கேட்பார்கள். எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும். எப்படியாவது தாண்டிப் போய்விட வேண்டும் என்று மனம் பறக்கும்.

வில்லியனூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் லூர்தம்மாள் என்று ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சைகோனில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு கடிதமும் எப்போதாவது கொஞ்சம் பணமும் வரும். அங்கே எல்லார் வீட்டிலும் விளக்கு எரிகிறது, நீயும் போட்டுக்கொள் என்று இணைப்புக்கான முன்பணத்தை அவன்தான் அனுப்பியிருந்தான். அவளுக்குச் சொந்தத் தையல் மெஷின் கிடையாது. கடைத்தெருத் துணிக்கடைக்காரரிடம் ஒரு கை மெஷின் இருந்தது, அதை நாள் வாடகைக்கு விடுவார். எடுத்த நாளுக்கு வாடகை, எடுக்காத நாளுக்கு இல்லை. துணியை எல்லாம் வெட்டித் தயாராக அடுக்கி வைத்துக்கொண்டு, ஒருநாள் மெஷினைத் தலையில் தூக்கி வருவாள். அன்று பகலும் இரவும் ஓட்டித் தைத்துவிட்டு மறுநாள் காலையில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். இரவில் தைக்கத்தான் அவளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டியிருந்தது.

நாள்காசு வரி வந்ததும் அவளும் நிறுத்தினாள்.

"இது இன்னா தம்பி, நாளுக்கு ஆறு காசு? எரிக்கிறதுக்குத்தான் தனியா வாங்கறீங்களே?"

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அன்று மெஷின் எடுத்த நாள். மூலையில் பலகை மேல் இருந்தது. எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, இந்த மெஷினுக்கு வாடகை தர்றீங்கல்ல? ஒரு ரவிக்கை தெச்சாலும் பத்து ரவிக்கை தெச்சாலும் அன்னிக்கு வாடகை ஒண்ணுதான? நாள்காசும் அத மாதிரிதான். கொஞ்சமா எரிச்சாலும் நெறைய எரிச்சாலும் அது ஒண்ணுதான்."

"அட, இவ்ளோதானா! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டாள். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருந்தது. மனுவோ பிரெஞ்சில் இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிற விஷயத்தை ஒரே மூச்சில் புரிய வைத்துவிட்டேன்! அதற்கப்புறம் பாகூர் வரை பதினோரு வீட்டில் இதே மெஷின் உதாரணத்தைச் சொன்னேன். பதினோரு வீட்டிலும் தலையாட்டினார்கள். உங்களில் யாருக்காவது நன்றாக விளக்கம் சொல்ல வரும் என்ற எண்ணம் இருந்தால் கொஞ்சம் பயப்படுங்கள்.

மூன்று மாதம் கழித்து பில்லோடு போனேன். மார்ச் முடிந்திருந்தது. லூர்தம்மாள் வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் வெள்ளைத் துணி. ஈஸ்டர் கழித்து வருகிற மாதா திருவிழாவில் புதுநன்மை, அதாவது முதல் தடவையாகத் திவ்ய அப்பம், வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு தைக்கச் சொல்லி கன்னியாஸ்திரீ மடத்து மதர் அவளிடம் கொடுத்திருந்தார். இருபத்திரண்டு உடுப்பு. அதுவரை பட்டணத்துத் தையல்காரருக்குத்தான் அந்த வேலை போகும். முதல் தடவையாக இவளுக்கு வந்திருந்தது. சரியாகச் செய்துவிட்டால் வருஷா வருஷம் வரும்.

நான் பில்லை நீட்டுவதற்கு முன்பே அவள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே காசு தனியாக முடிந்து வைத்திருந்தது. மீட்டர் பலகையின் ஆணியிலிருந்து ஒரு சிவப்பு நூலைக் கழற்றி என் முன்னால் போட்டாள். நூல் முழுக்க முடிச்சு.

"எண்ணிக்கோ தம்பி. முப்பத்தாறு. மெஷின் எடுத்த நாளெல்லாம் வெளக்கு போட்டேன். மத்த நாள்ல அந்த சுச்சைத் தொடக்கூட இல்ல. சிம்னிதான். நாள்காசு ஒம்பது பணம். எரிச்ச கணக்க நீ சொல்லு."

பில்லில் தொண்ணூறு நாள் இருந்தது. மீதி ஐம்பத்து நான்கு நாளுக்குப் பதின்மூன்றரைப் பணம். நடவுக்குப் போனால் ஒன்பது நாள் சேற்றில் குனிய வேண்டும்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மெஷினை எடுக்காத நாளுக்கு வாடகை இல்லை, விளக்குப் போடாத நாளுக்கு நாள்காசு இல்லை. நான் கொடுத்த உதாரணத்தை அவள் நூல் பிசகாமல் கடைப்பிடித்திருந்தாள். விளக்கு நாளைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் அடைத்து, விடிய விடிய ஓட்டியிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மற்ற நாளெல்லாம் சிம்னி வெளிச்சத்தில் கையால் ஓரம் தைத்திருக்கிறாள். தலைக்கு மேலே மின்விளக்கு சும்மா தொங்கியிருக்கிறது.

அந்த இடத்திலேயே "தப்பு என்னுடையது அக்கா" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். நான் சொன்னது, "ஆபீசுக்கு வந்து பேசுங்க." சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வந்துவிட்டாள். மறுநாளே, மாட்டுவண்டியில் இடம் கேட்டு, பட்டணத்துக்கு. எங்கள் மேலதிகாரி பிரெஞ்சுக்காரர், எல்லோரும் முசியே என்போம். அவருக்குத் தமிழ் வராது. தலைமைக் கணக்கர் பக்கத்தில் நின்று பிரெஞ்சில் மாற்றிச் சொன்னார். கணக்கர் பேச்சுக் குறைந்த மனிதர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். என்னைக் கூப்பிட்டார்கள்.

"மெஷின் வாடகை மாதிரின்னு நீ சொன்னதா இந்த அம்மா சொல்லுது. சொன்னியா?" என்று கேட்டார் கணக்கர்.

முசியே என்னைப் பார்த்தார். கணக்கர் என்னைப் பார்த்தார். நிரந்தரமாகாத வேலை, வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு தங்கை. எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் ஓடியது.

"இல்லீங்க. விதிப்படி எல்லாத்தையும் சொன்னேன். கையெழுத்து இருக்கு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மாதா கோயில் மணி அடிக்கிற நேரத்துல, என் வூட்ல நின்னுக்கிட்டு சொன்னியே தம்பி" என்றாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நாள் தவணை, கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று முசியே எழுதினார்.

அந்த எட்டு நாளும் காலையில் வசூல் பேரேட்டைப் போய்ப் பார்ப்பேன். கட்டியிருப்பாள், இன்றைக்குக் கட்டியிருப்பாள். அவள் கட்டிவிட்டால் என் பொய் யாருக்கும் தெரியாமல் ஆறிப்போகும் என்பதுதான் என் வேண்டுதல். மதரிடம் இன்னும் கொஞ்சம் முன்பணம் கேட்டாளாம். ஏற்கெனவே கொடுத்தது மெஷின் வாடகைக்கும் நூலுக்கும் போய்விட்டது, முடித்த பிறகுதான் மீதி என்று மதர் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் துண்டிப்புச் சீட்டு என் கையில் வந்தது. கம்பம் ஏறுகிற ஆளை அழைத்துக்கொண்டு போனேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தைத்து முடித்த உடுப்புகளை மூங்கில் கொடியில் வரிசையாக மாட்டியிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஏணி தூக்கி வந்தவரிடம் மட்டும் பேசினாள்.

"அண்ணே, ஏணி அந்த வெள்ளைத் துணி மேல படாம வைங்க. கறை பட்டா போவாது."

அவர் ஏணியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். ஏறினார், கம்பியைக் கழற்றினார், இறங்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் சீட்டில் "துண்டிக்கப்பட்டது" என்று எழுதினேன். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று நாள் கழித்து பாகூரில் மீட்டர் பார்க்கும் முறை. போகிற வழியில் பிரெஞ்சு நிலத்துக்கு நடுவே இங்கிலீஷ்காரன் நிலம் குறுக்கிடும், எல்லையில் சுங்கம் உண்டு. சுங்கக்காரன் பையை அவிழ்க்கச் சொல்லி, உள்ளே இருந்த இடுக்கியையும் கம்பிச் சுருளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சீக்கிரம் விடுய்யா" என்று அவனிடம் எரிந்து விழுந்தேன். எங்கே அவசரமாகப் போக வேண்டும் என்று கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திராது. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை முடிச்சுப் போட்ட நூல் தொங்குகிறதோ என்ற பயம்தான் என்னை விரட்டிக்கொண்டிருந்தது.

பாகூரில் முதல் வீடு ஒரு மிராசுதாருடையது. செலியமேட்டில் கரும்பும் நெல்லுமாக நிறைய நிலம். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

"ஐயா, நாள்காசு பத்தி அன்னிக்கு நான் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"இன்னாபா, வந்ததும் வராததுமா பரீட்ச வைக்கிற?" என்று சிரித்தார். "எரிச்சாலும் எரிக்காட்டியும் கட்டணும். அவ்ளோதான?"

எனக்கு உயிர் வந்தது. "அப்ப நான் சொன்ன மெஷின் உதாரணம்…"

"மெஷினா? நீ இன்னாமோ சொல்லிக்கினே போன. அத எவன் கேட்டான்? நெலத்து வரி மாதிரின்னு நானே நெனச்சிக்கிட்டேன். வெளஞ்சாலும் வெளையாட்டியும் கட்டறோமா இல்லியா?"

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். மூன்றாவது வீட்டிலும் நிலவரிதான். வரி கட்டிப் பழகியவர்கள் எல்லோரும் அவரவர் தெரிந்ததை வைத்துச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். என் சாமர்த்தியத்துக்குத் தலையாட்டியதாக நான் மார்தட்டிக்கொண்டது எல்லாம் சும்மா. லூர்தம்மாளுக்குக் கையளவு நிலமில்லை, வரி கட்டி அறியாள். அவள் அறிந்ததெல்லாம் வேலை செய்த நாளுக்குக் கூலி, எடுத்த நாளுக்கு வாடகை. நான் அறிந்த வரை, என் உதாரணத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அப்படியே நம்பியவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் ஆபீசில் பொய்க்காரி ஆக்கினேன்.

மீதி மீட்டர்களைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பினேன். கிருமாம்பாக்கத்தில் டயர் பஞ்சர். ஒட்டுவதற்குக்கூட நிற்கப் பொறுக்காமல் ஒரு கரும்பு வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, அந்த வண்டி மாட்டின் நடை பொறுக்காமல் பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆபீஸ் மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து தலைமைக் கணக்கர் மேசை முன்னால் நின்றேன்.

"ஐயா, அந்தம்மா சொன்னது நிஜம். நான்தான் அப்படிச் சொன்னேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. பேனாவையும் ஒரு தாளையும் என் பக்கம் தள்ளினார்.

"வேலை போயிடுமாங்க?"

"தெரியாது. போனாலும் போகும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நடந்தது முழுவதையும் எழுதினேன். மறுநாள் முசியே அதைப் படித்துவிட்டு என்னை வெகுநேரம் நிற்க வைத்துத் திட்டினார். ஐம்பத்து நான்கு நாள் காசு என் சம்பளத்தில் பிடித்தம், நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. லூர்தம்மாளுக்கு மறு இணைப்புக் கொடுக்க உத்தரவு எழுதினார். எனக்குப் பெரிய நிம்மதி. ஓடிப்போய் விளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அதே ஏணி, அதே ஆள். துண்டித்த ஐந்தாம் நாள் அவள் வாசலில் போய் நின்றோம். வீட்டில் வெள்ளைத் துணி குறைந்திருந்தது. விளக்குப் போய்விட்டதைக் கேள்விப்பட்ட மதர், திருவிழாவுக்குள் முடியாது என்று பத்து உடுப்புக்கான துணியை எடுத்துப் பட்டணத்துத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"அக்கா, நான் ஆபீசுல உண்மைய எழுதிக் குடுத்துட்டேன். நீங்க போட்ட முடிச்சுக் கணக்குக்கு மட்டும் கட்டினா போதும். மீதிய நான் கட்டறேன். இதோ, கம்பி குடுக்க வந்திருக்கோம்."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. ஊசி போய் வந்துகொண்டிருந்தது.

"அது கெடக்கட்டும். இப்ப ஒழுங்கா சொல்லு. நாள்காசு இன்னாத்துக்கு?"

இந்தத் தடவை நான் உதாரணம் தேடவில்லை. "கம்பத்துலேர்ந்து உங்க வூடு வரைக்கும் கம்பி இழுத்து வச்சிருக்கோம், மீட்டர் வச்சிருக்கோம், கெட்டுப்போனா வந்து பாக்க ஆள் வச்சிருக்கோம். நீங்க வெளக்கு போட்டாலும் போடலன்னாலும் அது எல்லாம் நிக்குது. அதுக்குத்தான் நாள்காசு. ஊருக்குப் போயிட்டாலும் உண்டு. வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் உண்டு."

ஊசி நின்றது. உதடு அசைய அவள் கணக்குப் போட்டாள். அதற்குள் கம்பம் ஏறுகிறவர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"அண்ணே, ஏறாதீங்க" என்றாள். பிறகு என்னிடம், "எனக்கு ராத்திரி வேலைன்னு வர்றது திருநாளு, கல்யாண மாசம், அவ்ளோதான். மத்த நாளுக்கு சும்மா நிக்கிற கம்பிக்கு நான் ஏன் அழுவணும்? வேணாம். மீட்டரையும் கழட்டிக்கினு போ."

"அக்கா, மிச்ச உடுப்பு…"

"எல்லாம் சேத்து பன்னெண்டுதான? பாக்கிய பகல்லயே முடிச்சிடுவேன்." முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருப்பேன் தம்பி. இருபத்திரண்டையும் நானே தெச்சிருப்பேன்."

அவளுக்கு நான் வெளிச்சம் கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டும், வேண்டாம் என்று அவளே தீர்மானிக்க வேண்டிய ஒன்றை, எனக்கு இன்னும் ஒரு மனு வேண்டும் என்பதற்காக அவளிடமிருந்து பறித்துவிட்டேன். பிடித்தம் போன பதின்மூன்றரைப் பணம் அதற்கு ஈடாகாது.

மீட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றினோம். அவள் எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"நாள்காசு இன்னியோட நின்னுதா? இல்ல நாளைக்கும் ஓடுமா?"

"இன்னியோட நின்னுது அக்கா."

"வாயால சொல்லாத. எழுதிக் குடு."

பையில் கம்பெனியின் அச்சடித்த படிவம் இருந்தது, பிரெஞ்சில். அதை எடுத்தேன். அவள் கை நீட்டவில்லை. படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன்: இன்று முதல் இந்த வீட்டுக்கு நாள்காசு கிடையாது, முன்பணம் திருப்பித் தரப்படும். கீழே என் பெயரைப் போட்டேன். அதுவரை எந்த வீட்டுக்கும் தமிழில் ஒரு வரி நான் எழுதிக் கொடுத்ததில்லை.

வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"இப்பதான் புரியுது" என்றாள்.